திருச்சிக்கு ஒரு மணி நேரம், கட்டுநாயக்கவுக்கு ஐந்து மணி நேரம்

கண்டிக்கும் திருச்சிக்கும் இடையே வானவழித் தூரம் சுமார் 440 கிலோமீட்டர். விமானம் பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி. யார் கேட்டாலும் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்கிறோம், இரண்டும் சரியானவைதான். ஆனால் ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து முசிறிக்கோ துறையூருக்கோ புறப்படும் ஒரு குடும்பத்துக்கு இவை பயணத்தைப் பற்றி எதையுமே சொல்வதில்லை. இரண்டு நகரங்களுக்கு இடையிலான தூரத்தை விமானம் ஓடுபாதையை விட்டு எழும் இடத்திலிருந்து அளக்கக் கூடாது, பயணி வீட்டுப் படியை விட்டு இறங்கும் இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும். அப்படி அளந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். மலையகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே நாம் கடக்கச் சிரமப்படும் தூரம் ஆகாயத்திலோ கடலிலோ இல்லை. அது நம் வீதிகளிலும் அலுவலகங்களிலும் இருக்கிறது.

முதலில் அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கண்டியில் சர்வதேச விமான நிலையம் கிடையாது. எனவே கணக்கு கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து திருச்சி நிலையம் நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். ஜெட் விமானம் உச்ச உயரத்தில் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அந்தக் கணக்குப்படி அரை மணியில் போய்ச் சேர வேண்டும். அட்டவணையில் ஒரு மணி இருப்பதற்குக் காரணம், விமானக் கம்பனிகள் பறக்கும் நேரத்தை மட்டும் எழுதுவதில்லை என்பதுதான். புறப்படும் நிலையத்தில் சக்கரத் தடையை எடுத்த நிமிஷம் முதல், சேரும் நிலையத்தில் அதை மறுபடி வைக்கும் நிமிஷம் வரை கணக்கிடுகிறார்கள். தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போவது, மேலே ஏறுவது, இறங்குவது, காற்றின் திசைக்கேற்ப ஓடுபாதையின் எந்த முனையில் இறங்குவது என்று வளைந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டுத் தூரத்தை வேகத்தால் வகுத்தால் உண்மை கிடைக்காது என்று விமானக் கம்பனிகளே ஒப்புக்கொண்டு, நடைமுறையில் ஆகும் நேரத்தை அட்டவணையில் போடுகின்றன. அந்த நேர்மையை இன்னும் கொஞ்சம் நீட்டினால் என்ன என்பதே என் கேள்வி. (இடையில் ஒன்று: இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இன்று ஒரே நேரம். 1996 முதல் 2006 வரையான பத்து வருடங்களில் நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட முந்தி ஓடியது, பெரும்பாலும் அரை மணி. அந்தக் காலத்தில் ஒரு மணி நேரப் பயணம் போய்வந்தவருக்கு, போகும்போது கடிகாரப்படி அரை மணியும் வரும்போது ஒன்றரை மணியும் ஆகியிருக்கும்.)

இப்போது வீட்டுப் படியிலிருந்து அளப்போம். லயத்திலிருந்து ஹேவாஹெட்ட டவுனுக்கு வர, தோட்டத்து ரோட்டில் நடந்தோ ஆட்டோ பிடித்தோ, சாமான்களோடு அரை மணியாவது வேண்டும். பல டிவிஷன்களுக்கு இது போதாது. அங்கிருந்து தலாத்துஓயா வழியாகக் கண்டிக்கு முப்பது கிலோமீட்டர் அளவில் மலை வீதி. பஸ் ஒன்றரை மணி எடுக்கும். கண்டியிலிருந்து பேராதனை, கடுகண்ணாவ, மாவனெல்ல, கேகாலை, வரக்காப்பொல என்று இறங்கி, மீரிகம, மினுவங்கொட பக்கம் திரும்பிக் கட்டுநாயக்க சேர நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெரிசலைப் பொறுத்து மூன்று மணி, மூன்றரை மணி. விமானத்துக்கு மூன்று மணி முன்னால் வரச் சொல்கிறார்கள். பறப்பது ஒரு மணி. திருச்சியில் குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய ஒரு மணி. அங்கிருந்து முசிறிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி. கூட்டினால் பன்னிரண்டு மணி நேரம். ஆகாயத்தில் கழிந்தது அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஹேவாஹெட்டவுக்கும் முசிறிக்கும் நேர்கோடு இழுத்தால் ஐந்நூறு கிலோமீட்டர்கூட வராது. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஜெட் விமானத்தில் போகும் பயணத்தின் வேகம் ஒரு சாதாரண பஸ்ஸின் வேகத்தில் வந்து நிற்கிறது.

இந்தக் கணக்கில் என்னை அதிகம் உறுத்துவது மொத்த நேரம்கூட இல்லை, திசை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். திருச்சி நமக்கு வடக்கே, சற்று மேற்கே சாய்ந்து இருக்கிறது. கட்டுநாயக்க நமக்கு ஏறக்குறைய நேர் மேற்கே இருக்கிறது. ஹேவாஹெட்டவிலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 460 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி, வளைந்து, கடுகண்ணாவ இறக்கத்தில் ஊர்ந்து கட்டுநாயக்கவுக்கு வந்த பிறகு மீதியிருப்பது சுமார் 420 கிலோமீட்டர். அந்த ஐந்து மணி நேரத்தில் நாம் திருச்சியை நெருங்கியது நாற்பது கிலோமீட்டர்தான். மீதியெல்லாம் பக்கவாட்டில் போனது. ஒருவருடைய பயண நேரத்தில் பாதிக்குக் கிட்ட அவர் போக வேண்டிய திசையில் அவரைக் கொண்டுபோகாமலே செலவாகிறது என்றால், அது மலையின் குற்றமா, ஒரு நாட்டின் முக்கிய வாசல்களை மேற்குக் கரையில் வைத்த ஏற்பாட்டின் குற்றமா?

அந்தக் கால மக்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்று நினைக்கிறேன். தமிழில் தூரமும் நேரமும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. இரண்டு நாழிகை வழி, ஒரு பகல் வழி, கூப்பிடு தூரம் என்றுதான் பேசினார்கள். நடக்கிறவரின் காலும் கேட்கிறவரின் காதும்தான் அளவுகோல். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களில் ‘கண்டி’ என்றால் ஒரு நகரத்தின் பெயராக இருக்கவில்லை, இந்த நாட்டுக்கே அதுதான் பெயர். கண்டிச்சீமைக்குப் போனார் என்றால் கோப்பித் தோட்டத்துக்கோ தேயிலைத் தோட்டத்துக்கோ போனார் என்று அர்த்தம். அப்படிப் போனவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தெற்கு நோக்கி நடந்து மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து மலையேறினார்கள். வழியில் கொலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023இல், மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்தபோது, ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையில் முடிந்த நடைபயணத்தின் தூரம் 252 கிலோமீட்டர்.

1867ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹேவாஹெட்ட மலைத்தொடரில் உள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அந்த ஆண்டில்தான். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். அதுவரை கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டியில் நாள்கணக்கில் கொழும்புக்குப் போயின. ரயில் வந்ததும் அந்தத் தூரம் சில மணி நேரமாகச் சுருங்கியது. மூட்டைக்குத் தூரம் சுருங்கிவிட்டது. அந்தக் கோப்பியைப் பறித்தவர்களோ அதன் பிறகும் பல வருடங்கள் அந்த மன்னார்க் காட்டுவழியில் நடந்தே வந்தார்கள். ஒரே நாடு, ஒரே மலை, ஒரே ஆண்டு. தூரம் என்பது நிலத்தின் குணம் என்றால் இருவருக்கும் ஒன்றாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? யாரை விரைவாகக் கொண்டுபோவது என்று யாரோ தீர்மானிக்கிறார்கள், அந்தத் தீர்மானத்தைத்தான் நாம் தூரம் என்று அழைக்கிறோம்.

தோட்டத்துரைமாருக்கு ஆள் தேவைப்பட்டபோது இதே தூரம் எவ்வளவு சுலபமாகக் கடக்கப்பட்டது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1904இல் அவர்கள் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை அமைத்து, அதன் தலைமையகத்தை வேறெங்கும் வைக்காமல் திருச்சியிலேயே வைத்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் தகர டிக்கெட் முறை வந்திருந்தது. சின்ன உலோக வில்லை ஒன்று. அதில் மாவட்டத்தையும் தோட்டத்தையும் காட்டும் எண்கள் அடிக்கப்பட்டிருக்கும். அதை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால், கையில் காசில்லாத, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கரையோர முகாமிலிருந்து மலையிலுள்ள அந்தத் தோட்டத்தின் வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கப்படுவார். செலவு முழுதும் தோட்டத்தின் கணக்கில் ஏறும். மனிதரைச் சரக்குப்போல முகவரியிட்டு அனுப்பிய ஏற்பாடு அது. மண்டபம் முகாமில் அவர்களை அடைத்து வைத்திருந்ததும், கங்காணியின் கடன் துண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பயணம். அதைப் புகழ நான் வரவில்லை. ஆனால் வீட்டு வாசலிலிருந்து தோட்டத்து வாசல்வரை ஒரே ஏற்பாட்டில் ஒரு மனிதரைக் கொண்டுவர முடியும் என்று நூறு வருடத்துக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. அந்த ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருபத்திரண்டு மைல் கடலில் கப்பல் ஓடியது. இந்தப் பக்கம் ரயில், நடுவில் கப்பல், அந்தப் பக்கம் ரயில், மூன்றுக்கும் ஒரே டிக்கெட். கண்டியில் ஏறியவர் பொல்கஹவெலயில் வடக்கு ரயிலுக்கு மாறினால் போதும். அந்தப் பாதை திருச்சியின் திசையிலேயே போனது.

பிறகு தூரம் கூடத் தொடங்கியது. நிலம் நகரவில்லை, கடல் அகலவில்லை. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர்கள் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. அந்த ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் ராமேஸ்வரத்துக்கு ஓடிய ராமானுஜம் கப்பலில் ஏறிப் போனவர்கள் பலர். அண்ணன் போக, தம்பி இங்கே தங்கினார். அக்காவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. 1984இல் யுத்தம் அந்தக் கப்பலையும் நிறுத்தியது. அதுவரை ரயிலும் கப்பலும் இருந்த இடத்தில் அதன்பின் கட்டுநாயக்கவும் விமான டிக்கெட்டும் வந்து, கடவுச்சீட்டு, விசாவோடு சேர்ந்து நாலு படியாயின. இவற்றில் எதுவும் கிலோமீட்டரில் வராது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நாள் வேலையையாவது விழுங்கும்.

வீட்டுப் படியிலிருந்து அளக்க வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை நான் கேட்டிருக்கிறேன். முதலாவது, வீட்டிலிருந்து வீட்டுக்கு ஆகும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும், பறக்கும் நேரம் மட்டுமே நிலையானது, ஆகவே அதை வெளியிடுவதே நியாயம் என்பது. பாதி சரி. கண்டி நகரில் இருப்பவருக்கும் ஹேவாஹெட்ட லயத்தில் இருப்பவருக்கும் இரண்டு மணி வித்தியாசம் வரும். ஆனால் மாறுகிற ஒன்றை அளக்காமலே விட்டுவிடுவது அதற்குப் பரிகாரமாகாது. ‘பத்து முதல் பதின்மூன்று மணி’ என்று சொல்லலாமே. ஒரு மணி என்று திட்டமாகச் சொல்லி ஒருவரை ஏமாற்றுவதைவிட, பத்துக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் என்று சொல்வது அவருக்கு உதவும். மருந்துக்கும் வயதானவரின் சாப்பாட்டுக்கும் குழந்தையின் தூக்கத்துக்கும் திட்டமிட வேண்டியவர் அவர்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கடுமையானது. தோட்டத்திலிருந்து எத்தனை பேர் திருச்சிக்குப் போகிறார்கள், அவர்களுக்காக இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்பார்கள். குறைவாகத்தான் போகிறார்கள். ஏன் குறைவு என்பதே கேள்வி. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. 2026க்கான வரவு செலவுத் திட்டம் ஊக்கத்தொகையோடு சேர்த்து 1,750 ஆக்குவதாகச் சொன்னது. கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம்தான். இந்தச் சம்பளத்தில் வாழும் குடும்பம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் டிக்கெட்டுக்கு முன்பே செலவு தொடங்கிவிடுகிறது. விடியற்காலை விமானம் என்றால் பஸ்ஸை நம்ப முடியாது, வான் பிடிக்க வேண்டும். அந்த வாடகை பல நாள் பேருக்குச் சமம். விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் நாட்களில், கட்டுநாயக்கவுக்குப் போகும் செலவு டிக்கெட்டின் பக்கத்தில் வந்து நிற்கும். பாலம் இல்லாத ஆற்றைப் பார்த்து, இதை யாரும் கடப்பதில்லை, ஆகவே பாலம் வேண்டாம் என்று சொல்வது நியாயமாகுமா? ஒப்பந்தத்தால் இரண்டாகப் பிரிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் போய்வரும் வழியைச் சுருக்கித் தருவது சலுகையில்லை, இரண்டு அரசுகளும் பட்ட கடன்.

அப்படியானால் கண்டியிலேயே விமான நிலையம் கட்டலாமே என்பது மூன்றாவது. கேட்க இனிக்கும். ஆனால் கண்டி மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம்போல இருக்கும் நகரம். ஜெட் விமானம் இறங்க இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சமதரையும், இரு முனைகளிலும் மலை குறுக்கிடாத வெளியும் வேண்டும். பொல்கொல்லை நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் இறங்கும் சின்ன விமானங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கானவை, பெட்டியும் பிள்ளைகளுமாகப் போகும் தோட்டத்துக் குடும்பத்துக்கு அவை எட்டாது. அதிவேகப் பாதை வந்தால் நிச்சயம் உதவும். மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடையிலான பகுதி 2022 ஜனவரியில் திறந்தது, கண்டிக்கான கிளை இன்னும் முடியவில்லை. ஆனால் முடிந்தாலும் அது கண்டியோடு நின்றுவிடும். ஹேவாஹெட்டவிலிருந்து கண்டி வரையான முப்பது கிலோமீட்டரை யாரும் அதிவேகமாக்கப் போவதில்லை. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவயில் மண் சரிந்து கொழும்பு வீதி அடைபட்டதையும், அடுத்த சில நாட்களில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் ரயில் பாதையையும் துண்டித்ததையும் நினைத்துப் பாருங்கள். அந்த நாட்களில் கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி அதே ஒரு மணி நேரத்தில்தான் இருந்தது. மலையில் இருந்தவருக்குக் கண்டியே எட்டவில்லை.

ஆகவே நான் கேட்பது சின்னச் சின்னக் காரியங்கள்தான். ஹேவாஹெட்ட, தெல்தோட்டை, கலஹா பக்கத்திலிருந்து கண்டி வழியாகக் கட்டுநாயக்கவுக்கு இரவில் புறப்படும் ஒரே பஸ், பெட்டி வைக்க இடத்தோடு. பயணம் பற்றி எழுதுகிறவர்களும் டிக்கெட் விற்கிறவர்களும் பறக்கும் நேரத்தின் பக்கத்திலேயே நிலையத்துக்குப் போகும் நேரத்தையும் எழுதுவது. வடக்கு வழியை ஒரு வழியாக நினைக்கத் தொடங்குவது. ஏ9 வீதி கண்டியில்தான் தொடங்குகிறது, யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீட்டர். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமானது, 2025 மார்ச் கடைசியில் அங்கிருந்து திருச்சிக்கே விமானம் தொடங்கியது. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023இல் தொடங்கி இடையில் நின்ற கப்பல் 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது, நாலு மணி நேரப் பயணம். மொத்த நேரத்தில் இவை கட்டுநாயக்க வழியை வெல்லாமல் போகலாம். ஆனால் ஒரே இரவு பஸ், வழியெல்லாம் போக வேண்டிய திசை, கப்பலில் கூடுதல் பெட்டி. பல குடும்பங்களுக்கு அதுவே பொருந்தும்.

எல்லாவற்றிலும் கிட்டிய வழி இன்னும் திறக்கவில்லை. தலைமன்னார் இறங்குதுறைக்கு 2015 மார்ச்சில் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. அக்கரையில் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்டு ராமேஸ்வரத்துக்கு ரயில் வருகிறது. இரண்டு தண்டவாளங்களும் கடற்கரையில் வந்து நிற்கின்றன. நடுவில் கப்பல் இல்லை.